ஒற்றைச் சைக்கிள் கம்பி

"இந்த வெயிலுக்கை ஆருக்கு ஊல் பின்னுறீங்கள்?" வன்னியில் பின்னல் ஊசி பிடிக்கிற எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க மாட்டார். நியாயமான கேள்விதான். சித்திரை மத்தியானத்தில் கிளிநொச்சிப் பக்கம் முற்றத்தில் இறங்கினால் உள்ளங்கால் சுடும். ஆனால் பிள்ளை பிறந்த அன்றே தலைக்குத் தொப்பியும் காலுக்குச் சொக்ஸும் வேண்டும். மார்கழி, தை விடியற்காலைகளில் வயல்வெளி முழுவதும் பனி இறங்கிக் கிடக்கும்போது, காவலுக்குப் போய் வரும் முதியவர்களின் கழுத்துக்கு ஒரு மவ்ளர் வேண்டும். அப்புறம், வன்னியில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் அதில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள். அங்கே வருடத்தில் பல மாதம் குளிர்.

ஊசிப் பின்னல் குளிர்நாட்டுக்காரரின் வேலை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களில் முக்கியமானவை எகிப்தில் கிடைத்த காலுறைகள். 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. நூல் பருத்தி, நிறம் வெள்ளையும் அவுரி நீலமும். எங்களுடையதைவிட வெயில் கூடிய நாட்டில் யாரோ ஒருவர் இருந்து அந்தக் காலுறையைப் பின்னி முடித்திருக்கிறார். அதைப் படித்த நாளிலிருந்து மேலே சொன்ன கேள்வி என்னைத் தொந்தரவு செய்வதில்லை.

நான் எழுத வந்தது பிழைத்துப்போன, அதாவது பிழையாகிப்போன, பின்னல்களைப் பற்றி. முடிந்த சுவெற்றரின் படத்தைத்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள். பிழைத்தது தகரப் பேணிக்குள்ளேயே கிடக்கும், பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் அவிழ்க்கப்படும். எங்கள் பக்கத்தில் ஊல் சும்மா கிடைக்கிற பொருள் இல்லை. கடைகளில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூலின் சிறிய உருண்டைகள். நல்ல நூல் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போக வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிற யாராவது பெட்டியில் ஒரு மூலையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஆகவே ஒரு சுவெற்றர் பிழைத்தால் இங்கே அது பெரிய விசயம். ஏன் பிழைத்தது என்று இருந்து யோசிக்கத்தான் வேண்டும்.

என் மச்சாள் ஒருத்தி தருமபுரத்தில் இருக்கிறாள். தமையனுடைய மகனுக்கு ஒரு சுவெற்றர் பின்னத் தொடங்கினாள். இரண்டு வயதுப் பிள்ளை, ரொறன்ரோவில். மாதிரிக் குறிப்பை அங்கிருந்துதான் அனுப்பியிருந்தார்கள். அதில் ஊசி 8 என்று போட்டிருந்தது. மச்சாளிடம் தாயின் பழைய ஊசிகள் இருந்தன. அவற்றின் தலையிலும் 8 என்றே பொறித்திருந்தது. வேறென்ன வேண்டும்? சொன்னபடி 108 கண்ணி, அதாவது நூல் வளையம், ஊசியில் ஏற்றி, வட்டமாக, அக்குள் வரை பின்னிக்கொண்டு போனாள். கை மிகச் சீரான கை அவளுக்கு. ஒரு கண்ணி கூடக் குறைய இருக்காது. ஆனால் விரித்து அளந்து பார்த்தால் 60 சென்ரிமீற்றர் வரவேண்டிய சுற்றளவு 49தான் இருந்தது. இரண்டு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் அது இறங்காது.

விளக்கம் இதுதான். அமெரிக்கக் கணக்கில் 8ஆம் இலக்க ஊசி 5 மில்லிமீற்றர் தடிப்பு. பழைய பிரித்தானியக் கணக்கில் 8ஆம் இலக்கம் 4 மில்லிமீற்றர். இரண்டு கணக்கும் எதிரெதிராகப் போகின்றன: அமெரிக்க இலக்கம் கூடக் கூட ஊசி தடிக்கும், பிரித்தானிய இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும். குறிப்பு எழுதியவர் 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணி வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். மெல்லிய ஊசியில் மச்சாளுக்கு 22 வந்தது. 108ஐ 18ஆல் பிரிப்பதற்கும் 22ஆல் பிரிப்பதற்கும் இடையில் அந்தப் பதினொரு சென்ரிமீற்றர் போய்விட்டது. இப்போது இலங்கையில் யாரிடம் பழைய ஊசி இருந்தாலும் அது அனேகமாகப் பிரித்தானிய இலக்கம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளோ அனேகமாக அமெரிக்க இலக்கம். மில்லிமீற்றரைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள் என்று நான் சொல்லாத ஆளில்லை.

ஒரு சிறு சதுரத் துண்டு முதலில் பின்னி அளந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது என்று புத்தகங்கள் எல்லாம் சொல்லும். உண்மைதான். ஆனால் ஏன் எங்கள் பெண்கள் அந்தத் துண்டைப் பின்னுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இருக்கிற நூலே மட்டுமட்டு. அதில் ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுப்பது வீண் செலவாகத் தெரியும். அப்படி நினைக்க வேண்டியதில்லை. அளந்த பிறகு அந்தத் துண்டை அவிழ்த்து அதே நூலால் வேலையைத் தொடங்கலாம். ஒரு முழம் நூல்கூடக் குறையாது.

இன்னொரு பிழை இருக்கிறது. அது பின்னி முடிந்த பிறகு வருவது, மனதை மிகவும் வருத்துவது. சுத்தமான ஆட்டு ரோம நூலில் பின்னிய ஒரு சட்டை. லண்டனிலிருந்து வந்த நூல், சாம்பல் நிறம், தொட்டாலே கை அதில் நின்றுவிடும். பின்னியவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. கைக்குழந்தைக்குப் போட்டு, அழுக்காகி, கிணற்றடிக்குப் போனது. கிணற்றடியில் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. சவர்க்காரம் போட்டு, கல்லில் நாலு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து வெயிலில் போட்டார்கள். அதற்கு முதல் சுடுதண்ணீரில் வேறு ஊறப்போட்டிருந்தார்கள், பால் கக்கிய மணம் போகட்டும் என்று. காய்ந்து எடுத்தபோது அது ஒரு பொம்மைக்குத்தான் அளவாக இருந்தது. துணி தடித்து, கண்ணிகள் ஒன்றும் தெரியாமல், பலகை மாதிரி விறைத்து நின்றது.

ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையின் மேலும் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். சூடும் ஈரமும் சவர்க்காரமும் சேரும்போது அவை விரிகின்றன. அந்த நேரத்தில் அடித்துக் கசக்கினால் ஒரு இழையின் செதில் மற்ற இழையின் செதிலுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒருமுறை மாட்டியது மாட்டியதுதான். பின்னலில் மற்ற எல்லாப் பிழைக்கும் மருந்து உண்டு, இதற்கு மட்டும் இல்லை. அவிழ்க்க நூல் வராது. அக்ரிலிக் நூலுக்கு இந்தச் செதில் கிடையாது, அதனால் அது கல்லடிக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதற்கு வேறொரு எதிரி, கரி ஸ்திரிக்கைப்பெட்டி. சூடு பட்டால் அக்ரிலிக் இளகித் துவண்டு மினுங்கத் தொடங்கும். பிறகு அந்தத் தொய்வு மாறவே மாறாது. ஒரே பின்னல், இரண்டு நூல், இரண்டு விதமான சாவு. எது என்ன நூல் என்று தெரியாமல் துவைப்பவரிடம் கொடுப்பதுதான் ஆபத்து. அந்த அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யார் மேலும் அவருக்குக் கோபமில்லை, அடித்தவர் அவருடைய சொந்தத் தாய்தான். வாழ்நாள் முழுக்க உடுப்பை அப்படித்தான் தோய்த்துப் பழகியவர்.

வேறும் பல உண்டு. வட்ட ஊசியில் கண்ணிகளை ஏற்றி இணைக்கும்போது ஓரிடத்தில் முறுக்கி விழுந்தால், எவ்வளவு தூரம் பின்னினாலும் அந்த முறுக்கு நேராகாது, அடிவரைக்கும் அவிழ்க்க வேண்டும். ஒரே நிறம் என்று இரண்டு தடவையில் வாங்கிய நூல் வெயிலில் பிடித்தால் இரண்டு நிறமாகத் தெரியும்; லேபிளில் சாயத் தொகுதி இலக்கம் என்று ஒன்று இருப்பது அதற்காகத்தான், ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூலுக்கு ஒரே இலக்கம். கறையான் பெட்டியைத் தின்னும், எலி ஊலுக்குள் குட்டி போடும். ஆகவே வன்னியில் நூல் இருக்க வேண்டிய இடம் தகரப் பேணி. என்னுடையது ஒரு பழைய நெஸ்டமோல்ட் பேணி.

வியர்வையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்நாட்டுக்காரர் எழுதிய எந்தக் குறிப்பிலும் நான் அதைக் கண்டதில்லை. மத்தியானத்தில் பின்னினால் கை நசநசக்கும், அக்ரிலிக் நூல் உலோக ஊசியில் ஒட்டும், விரல் தன்னையறியாமல் நூலை இறுக்கும். காலையில் பின்னிய வரிகளும் மத்தியானம் பின்னிய வரிகளும் ஒரே மவ்ளரில் வேறு வேறு அகலமாக நிற்கும். இதற்கு நான் கண்ட வழி, பெரிய வேலையை விடியற்காலைக்கு வைத்துக்கொள்வது. மத்தியானம் பின்னத்தான் வேண்டுமென்றால் அளவு முக்கியமில்லாத ஏதாவது ஒன்று. எங்கள் ஊரில் பனையோலைக்காரரும் இதே நேரத்தைத்தான் பிடிக்கிறார்கள். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் வெயில் ஏறினால் ஓலை முறுகி, மடிக்கிற இடத்தில் வெடித்துவிடும். நனைத்து, ஈரச்சாக்கில் சுற்றி, விடிய முதல் இருந்து இழைப்பார்கள். அவர்களுடைய வேலை என்னுடையதைவிடக் கண்டிப்பானது. கடகப்பெட்டியின் மூலையில் ஒரு சார் (ஓலைக் கீற்று) வெடித்தால் அந்தச் சார் போனதுதான், மாற்றிச் செருகலாமே தவிர அதே ஓலை திரும்பி வராது. நூல் அப்படியில்லை. பிழைத்ததைப் பிடித்து இழுத்தால் நூல் முழுதாகக் கைக்குத் திரும்பி வருகிறது. கொஞ்சம் சுருண்டு வரும். தண்ணீரில் நனைத்து, நுனியில் சிறிய பாரம் கட்டித் தொங்கவிட்டால் நேராகிவிடும். நான் பின்னலை விரும்புவதற்கு முதற் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இழுக்க மனம் வர வேண்டுமே. அங்கேதான் ராசியான பொருள் வருகிறது.

வன்னிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கண்டி வீதியால் போகிற வாகனம் முறிகண்டியில் நிற்காமல் போவது அரிது. பஸ்காரரும் நிற்பாட்டுவார், லொறிக்காரரும் நிற்பாட்டுவார். இறங்கி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, திருநீற்றைப் பூசி, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். தேங்காய் உடைத்ததால் ரயருக்குக் காற்றுப் போகாது என்று யாரும் எண்ணுவதில்லை. மிச்ச வழியை ஓட்ட ஒரு தைரியம் வருகிறது, அவ்வளவுதான். மடு மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் அந்தக் கோவில் மண்ணில் ஒரு பிடி எடுத்து வருவார்கள்; பாம்பு தீண்டாமல் காக்கும் என்பது பெரிய நம்பிக்கை, சைவக்காரர் வீடுகளிலும் அந்த மண் முடிச்சைக் கண்டிருக்கிறேன். காடும் வயலும் சூழ்ந்த வீட்டில் பாம்புக்குப் பயந்தபடியே இருக்க முடியாது. விறகு பொறுக்கப் போகத்தான் வேண்டும். மண் முடிச்சு வாசலில் தொங்கினால் கால் வெளியே இறங்கும்.

ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் ஊல் எடுத்துக்கொண்டு கூடுகிற பெண்களில் பலரிடம் இப்படி ஏதோ ஒன்று இருக்கிறது. ஒருவர் சித்திரை வருடப்பிறப்புக்குத் தகப்பன் கடைசியாகக் கொடுத்த கைவிசேடக் காசை வெற்றிலையின் காய்ந்த துண்டோடு சேர்த்து ஒரு சின்னப் பையில் தைத்து, நூல்பெட்டி மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கிறார். புது வேலை தொடங்கினால் முதலில் அந்தப் பையைத் தொட்டுவிட்டுத்தான் கண்ணி ஏற்றுவார். இன்னொருவர் எதையும் தானாகத் தொடங்க மாட்டார். கைராசியானவள் என்று தன் பேத்தியைக் கூப்பிட்டு முதற் கண்ணியைப் போடச் சொல்லுவார். அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது, முகத்தில் அவ்வளவு பெருமை.

என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள் கம்பி. சில்லின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் அந்த மெல்லிய கம்பி. ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. வளைந்த தலைப்பக்கத்தை வெட்டி, அந்த நுனியைக் கல்லில் உரசிக் கூராக்கி இருக்கிறது. கூர் என்றால் குத்துகிற கூர் இல்லை, நூலைப் பிரிக்காமல் கண்ணிக்குள் நுழைகிற மழுங்கல் கூர். மற்ற நுனியில் திருகுப் புரி இன்னும் அப்படியே இருக்கிறது, கம்பியைச் சில்லின் விளிம்போடு பூட்டுகிற புரி. அதன் மேல் சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய கறுப்பு ரப்பர் துண்டு ஒன்று இறுக்கிச் சுற்றியிருக்கிறது, கண்ணிகள் பின்னால் வழுக்கி விழாமல். நிக்கல் பூச்சு கை பட்டுப் பட்டு நடுவில் போய்விட்டது. அந்த இடம் மட்டும் மங்கலாக, மழமழப்பாக இருக்கும்.

செய்தவர் என் பெரியம்மா. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, பிறகு கிளாலிக் கடல்நீரேரி தாண்டி வன்னிக்கு வந்தவர்களில் ஒருவர். ஊசிவேலையெல்லாம் பள்ளிக்கூடத்தில் முறையாகப் படித்தவர். நல்ல பின்னல் ஊசிகள் வீட்டில் ஒரு கட்டு வைத்திருந்தவர். அவை வீட்டோடு நின்றுவிட்டன. வன்னிக்குள் அப்போது பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் எண்ணி எண்ணிப் பாவித்த காலம். பின்னல் ஊசி எங்கிருந்து வரும்? ஓடியதெல்லாம் சைக்கிள்தான், உடைந்த சைக்கிளுக்கும் குறைவில்லை. பெரியம்மா ஒரு சில்லிலிருந்து இரண்டு கம்பி கழற்றினார். பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டது: பழைய பிரித்தானிய ஊசி இலக்கங்கள் கம்பித் தடிப்புக் கணக்கிலிருந்தே வந்தவை. சைக்கிள் கடைக்காரர் 14ஆம் இலக்கக் கம்பி என்று சொல்வதும் 2 மில்லிமீற்றர், பின்னல்காரரின் 14ஆம் இலக்க ஊசியும் 2 மில்லிமீற்றர். பெரியம்மாவுக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க இப்போது அவர் இல்லை. கையால் பிடித்துப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்.

நூலுக்கு அவர் பழைய சுவெற்றர்களை அவிழ்த்தார். அதிலும் ஒரு பார்வை வேண்டும். அவர் முதலில் உடுப்பைப் புறம் திருப்பி விலாத் தையலைப் பார்ப்பார். இரண்டு ஓரமும் முழுக் கண்ணியாக நின்று, மெல்லிய நூலால் சேர்த்துத் தைத்திருந்தால் நல்லது. தையலைப் பிரித்துவிட்டு இழுத்தால் நூல் அறாமல் கடைசிவரை வரும். துணியாக வெட்டி மெசினில் ஓரமடித்துத் தைத்ததென்றால் தொடவே மாட்டார். அதை இழுத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு துண்டுதான் வரும். 2009இல் செட்டிகுளம் முகாமில் நிவாரணமாக வந்த உடுப்பு மூட்டையிலும் அவர் இதே சோதனையைச் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு சிவப்புச் சுவெற்றர் தேறியது. அதற்குள் இரண்டு கம்பியில் ஒன்று வழியில் எங்கோ போய்விட்டது. மற்றதற்குத் துணையாக ஒரு மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டார். இடக்கையில் இரும்பு, வலக்கையில் மூங்கில். கூடாரத்துக்குள் சூடு தாங்காது. அதற்குள் இருந்து பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்னினார். பாதியில் நூல் காணாது என்று தெரிந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் முழுவதையும் அவிழ்த்து, கண்ணியைக் குறைத்து, காது மட்டும் மூடுகிற அளவில் மறுபடி தொடங்கினார். நான் வாய்விட்டு "ஐயோ" என்றேன். "பிழைச்சா என்ன பிள்ளை, நூல் இருக்குத்தானே" என்றார்.

அந்தக் கம்பிதான் இப்போது என் பேணிக்குள் இருக்கிறது. ஒற்றைக் கம்பியில் எதுவும் பின்ன முடியாது. ஆனாலும் அது பேணிக்குள் இல்லாமல் நான் எந்த வேலையையும் தொடங்குவதில்லை. இது மூடநம்பிக்கை என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. கம்பி இருப்பதால் கண்ணி நழுவாமல் இருந்ததில்லை. அந்த உதவியை அதனிடம் நான் எதிர்பார்க்கவும் இல்லை. ராசியான பொருளை மனிதர்கள் பெரும்பாலும் வெற்றியிலிருந்துதான் எடுக்கிறார்கள், முதற் பரிசு வாங்கிய பேனா, முதற் சம்பளக் காசு என்று. கைவேலைக்காரர் எடுக்க வேண்டியது, அவிழ்த்த வேலையிலிருந்து வந்த ஒன்றை என்று நான் நம்புகிறேன். நன்றாகப் போகிற நாளில் எவருக்கும் துணை தேவையில்லை. நாற்பது வரி கீழே ஒரு பிழையைக் கண்டு, நெஞ்சு படக்கென்று இறங்குகிற நாளில்தான் தேவை.

அப்படி ஒரு நாள் எங்கள் கூட்டத்தில் இளையவள் ஒருத்தி ஒரு சால்வையோடு வந்தாள். இலைக்கோலம் போட்ட துளைப் பின்னல். மாமியாருக்குக் கொடுக்கப் பின்னியது. ஓரிடத்தில் ஒரு துளைக்குரிய நூல் சுற்றை விட்டுவிட்டாள், அதற்கு மேல் எல்லா இலையும் ஒரு கண்ணி தள்ளி நிற்கிறது. சாதாரணப் பின்னலை இழுத்து அவிழ்த்துவிட்டுக் கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றலாம். துளைப் பின்னலில் அது ஆபத்து. சுற்றிய நூலும் சேர்த்த கண்ணியும் எது எதென்று தெரியாமல் குலைந்துவிடும். "அக்கா, பொழுதுபட முதல் உங்கட கம்பியை ஒருக்காத் தாங்கோ" என்றாள். பொழுதுபட்டால் ஊசி கைமாறக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், அது அவளுக்கும் தெரியும்.

பிழைக்குக் கீழே கடைசியாகச் சரியாக நிற்கும் வரியைக் கண்டுபிடித்தோம். ஒவ்வொரு கண்ணியும் துணியின் முகத்தில் ஒரு சின்ன வி வடிவமாக நிற்கும். அதன் வலது காலுக்குக் கீழே மட்டும் கம்பியை நுழைத்து, அடுத்த கண்ணி, அடுத்த கண்ணி என்று வரி முழுவதும் கோத்துக்கொண்டு போக வேண்டும். இடது காலைப் பிடித்தால் கண்ணி திரும்பி ஏறும். தடித்த ஊசி இதற்கு உதவாது. இரண்டு மில்லிமீற்றர் கம்பி துணியை இழுக்காமல் அடியில் வழுக்கிக்கொண்டு போகும். கோத்து முடிந்த பிறகு, மேலே இருந்த ஊசியை உருவச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உருவினாள். நூலை இழுக்க இழுக்க வரிகள் கட கடவென்று அவிழ்ந்து வந்து, கம்பியில் வந்து நின்றன. ஒரு கண்ணிகூடத் தவறவில்லை. பெரியம்மாவின் கம்பிக்கு ராசி இருக்கிறது என்று அன்றிலிருந்து அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன்: துளைப் பின்னலில் ஒவ்வொரு கோலம் முடியும்போதும் வேறு நிறத் தையல் நூல் ஒன்றை எல்லாக் கண்ணிகளுக்கும் ஊடாக ஓட்டி அப்படியே விட்டுவிடுங்கள். எப்போது பிழைத்தாலும் அவிழ்ப்பு அந்த நூலில் வந்து நின்றுவிடும். மேலே போகப் போகப் பழைய நூலை உருவி எடுக்கலாம்.

எல்லா நம்பிக்கையும் எனக்குச் சரிப்படுவதில்லை. காதலனுக்கு, கலியாணத்துக்கு முதல், சுவெற்றர் பின்னிக் கொடுத்தால் உறவு முறியும் என்று மேற்கு நாட்டுப் பின்னல்காரரிடையே ஒரு பேச்சு உண்டு. எங்கள் பக்கம் கைக்குட்டை கொடுத்தால் பிரிவு வரும் என்பது போல. லண்டனில் இருக்கிற மாப்பிள்ளைக்குப் பின்னத் தொடங்கிய ஒரு பிள்ளை இதைக் கேட்டுப் பயந்து பாதியில் நிறுத்திவிட்டாள். ஒரு பெரிய ஆளின் சுவெற்றர் பின்ன மாதக்கணக்கு எடுக்கும். மாதக்கணக்கில் முறிகிற உறவு எதுவும் சுவெற்றர் இல்லாமலும் முறியும் என்று சொல்லித்தான் அவளைத் திரும்ப ஊசி எடுக்க வைத்தேன். கையை நிறுத்துகிற நம்பிக்கை எனக்கு வேண்டாம்.

ஆனால் சித்தி சொன்னதைக் கேட்டேன். அவருடைய மகளுக்கு ரொறன்ரோவில் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்தது. நான் தொப்பி ஒன்று தொடங்கினேன். பிறந்த பிள்ளையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் இருக்கும். தொப்பி இழுபட்டுப் பிடிக்க வேண்டும் என்பதால் அதைவிட இரண்டு மூன்று குறைத்து 72 கண்ணி ஏற்றினேன். உச்சிக்கு வரும்போது எட்டு எட்டாகக் குறைத்துக்கொண்டு வந்து, கடைசியில் எட்டுக் கண்ணி நிற்கும். அவற்றுக்குள் நூலை ஓட்டி இறுக்கினால் தொப்பி முடிந்தது. சித்தி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிறக்க முதல் உடுப்பு முடிக்கக் கூடாது பிள்ளை. அந்த எட்டையும் ஊசியிலேயே விடு." வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு முன்கூட்டியே எதையும் வாங்கி அடுக்காத வழக்கம் எங்களுக்கு உண்டு. அதன் பின்னால் இருக்கும் பயம் எனக்குப் புரியும். எதிர்பார்த்து அடுக்கி வைத்த எத்தனையோ பொருட்களுக்கு ஆளில்லாமல் போன மண் இது. எட்டுக் கண்ணியையும் பெரியம்மாவின் கம்பிக்கு மாற்றி, ரப்பரை இறுக்கிவிட்டுப் பேணிக்குள் வைத்தேன். அங்கே இரவும் இங்கே காலையுமான ஒரு நேரத்தில் வட்ஸ்அப்பில் படம் வந்தது. பெண்பிள்ளை. சித்தி அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வருமுன் நான் நூலை ஓட்டி இறுக்கி, மிஞ்சிய நூல் நுனியை உள்ளே மறைத்துவிட்டேன். அடுத்த கிழமை கனடாவுக்குப் போன ஒருவரின் கைப்பையில் தொப்பி போனது. அக்ரிலிக் நூல், கல்லில் அடித்தாலும் ஒன்றும் ஆகாது, அயர்ன் மட்டும் பிடிக்க வேண்டாம் என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்தேன்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு நூல் அனுப்புகிறவர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். பாரம் குறையட்டும், பெட்டியில் இடம் மிஞ்சட்டும் என்று உருண்டையின் மேலிருக்கும் கடதாசி லேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு அனுப்புகிறீர்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். ரோமமா, பருத்தியா, அக்ரிலிக்கா என்பது அதில்தான் இருக்கிறது. சாயத் தொகுதி இலக்கமும் அதில்தான் இருக்கிறது. ஒரே இலக்கமாகப் பார்த்து, தேவைக்கு ஓர் உருண்டை கூடவே எடுங்கள். குறிப்பு அனுப்பினால் ஊசியின் இலக்கத்துக்குப் பக்கத்தில் மில்லிமீற்றரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். லேபிள் ஏற்கெனவே போய்விட்டதென்றால், எந்தக் கடை, என்ன நூல் என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி போட்டாலும் போதும், நாங்கள் கண்டுபிடித்துக்கொள்வோம்.